விழுவதைப் பிடிக்காதவர்

மேசை விளிம்பிலிருந்து கண்ணாடி டம்ளர் நழுவினால் யாராக இருந்தாலும் கை தானாக நீளும். பிடிபடுமா படாதா என்பதெல்லாம் பிறகு. அப்படிக் கை நீளாத ஒரே ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, டம்ளர் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த இடம் முதலில் தரையைத் தொடுகிறது, சில்லுகள் எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்று பார்ப்பார். பார்த்து முடித்த பிறகு, "தொடப்பம் எடுத்துன்னு வா" என்பார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய கொட்டகையில் வேலை பார்த்த நாங்கள் எல்லோரும் அக்கா என்றோம். வெளியாட்கள் வரும்போது மட்டும் மேடம் என்று கூப்பிடச் சொல்லியிருந்தார். என்னோடு வேலை பார்த்த செல்வி மறந்து "மேடம்க்கா" என்பாள். இன்று அவர் செய்த இயந்திரம் எங்கெங்கோ போய்விட்டது. அவரும் ஊரைவிட்டுப் போய்விட்டார். பத்திரிகையில் ஒருமுறை படம் பார்த்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றிருந்தார். அதைப் பார்த்ததும் பத்திரிகையை மூடிவிட்டேன். அப்படி மூடியிருக்க வேண்டியதில்லையோ என்னவோ. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பாதியில் நானே அவருக்காக வாதாட ஆரம்பித்துவிடுகிறேன்.

எங்கள் பழவேற்காடு ஏரியில் பிடிக்கிற பெரிய சேற்று நண்டை உயிரோடுதான் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டு கொடுக்குகளையும் உடம்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் கூடைக்குள்ளேயே ஒன்றையொன்று கிழித்துப்போடும். அதைக் கட்டுவது கைவேலை. கட்டுகிறவர்களில் கடி வாங்காத விரல் உள்ளவர் யாரும் கிடையாது. அந்த வேலையைச் செய்ய ஓர் இயந்திரக் கை செய்வதுதான் அக்காவின் தொழில். அவரும் ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவர்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, ஒரு கார் தொழிற்சாலையில் ரோபோக்கள் வெல்டிங் வைக்கும் பிரிவில் வேலை பார்த்து, ஒருநாள் அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். திருப்பாலைவனத்திலிருந்து பழவேற்காடு போகும் சாலையில், இறால் கம்பெனி ஒன்று மூடிவிட்டுப் போன தகரக்கூரைக் கட்டடத்தைப் பிடித்தார். அதுதான் எங்கள் கொட்டகை. உள்ளே ஒரு த்ரீடி பிரிண்டர், கொஞ்சம் மோட்டார்கள், பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார் ஒன்று. எத்தனை கழுவியும் சுவரிலிருந்து இறால் நாற்றம் போகவில்லை.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு எனக்கு இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக் கேட்ட முதல் ஆள் அக்கா. வயர் இணைப்பதும் சர்க்யூட் பலகை பற்றவைப்பதும் என் வேலை என்றார். என் மகள் பாப்புவுக்கு அப்போது மூன்று வயதுகூட முடியவில்லை. மாமியார் இல்லை. அம்மா வீடு ஏரிக்கு அந்தக் கரையில். என் வீட்டுக்காரர் விடியலுக்கு முன்பே படகு ஏறிவிடுவார். பிள்ளையை எங்கே விடுவது என்று தயங்கினேன்.

"இதுல இன்னா கீது? இங்கேயே இட்டுன்னு வா" என்றார் அக்கா.

அந்த ஒரு வார்த்தைக்காகப் பிறகு எத்தனையோ பொறுத்துக்கொண்டேன். வேறு எந்த முதலாளி அப்படிச் சொல்லுவார்? ஆனால் பயமும் அன்றே தொடங்கிவிட்டது. சுற்றிலும் சூடான இரும்பு, பிளேடு, திடீரென்று அசைகிற இயந்திரக் கை. நடுவில் விழுவதைப் பிடிக்காத ஒருவர். அங்கே தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருக்கிறது என் குழந்தை.

வேலைக்குச் சேர்ந்த வாரமே நான் ஒரு பலகையில் இரண்டு வயர்களை மாற்றிப் போட்டேன். சுவிட்சைத் தட்டியதும் புஸ்ஸென்று புகை வந்தது. திரும்பினால் அக்கா என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்.

"எப்பக்கா வந்தீங்க?"

"நீ செவப்பு வயர எடுக்கறப்பவே வந்துட்டேன்."

"மாத்திப் போடறத பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா நாளைக்கே மறந்துடுவ. இந்தக் கருகல் நாத்தம் இருக்கு பாரு, ஆயுசுக்கும் மறக்காது."

உண்மைதான். அதற்குப் பிறகு நான் வயரை மாற்றிப் போட்டதே இல்லை. இதை வீட்டில் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் வலையிலிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். "நல்ல வாத்தியார்தான். நீச்சல் கத்துக்க இட்டுன்னு போனா, எவ்ளோ தண்ணி குடிக்கிறன்னு பாத்துன்னு நிக்கும்" என்றார்.

செல்வியின் கதை இன்னும் மோசம். செல்வி பக்கத்துக் குப்பத்துப் பெண். நண்டுகளைத் தரம் பிரித்து இயந்திரத்துக்குக் கொடுப்பது அவள் வேலை. வாயை மூடமாட்டாள். ஒருநாள் கட்டாத நண்டு ஒன்று கூடையிலிருந்து இறங்கி மேசைக்கு அடியில் நடந்தது. செல்வி எனக்கு ஏதோ கல்யாணக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நண்டு அவள் காலை நோக்கிப் போவதை அக்கா பார்த்தார். நான் பார்க்கவில்லை, அக்கா எதையோ உற்றுப் பார்க்கிறார் என்பதை மட்டும் பார்த்தேன். அடுத்த நொடி செல்வி கத்தினாள். கால் சுண்டுவிரலை நண்டு கவ்வியிருந்தது. நாங்கள் இழுக்க இழுக்க இறுக்கியது. அக்கா கிட்டே வந்து குந்தி உட்கார்ந்தார்.

"இழுக்காத. அது இன்னா பண்ணுதுன்னு பாப்போம்."

"யக்கா, உனக்குப் புண்ணியமாப் போவும், எடுத்து வுடுக்கா!"

"கத்தாத செல்வி. நீ ஆட்டறதாலதான் புடிக்குது. கால தண்ணில வை."

காலை நண்டோடு தொட்டித் தண்ணீருக்குள் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது தானே விட்டுவிட்டு ஒரு மூலைக்குப் போய்விட்டது. செல்வியின் விரல் நகம் கறுத்து விழுந்தது. அன்று சாயங்காலமே அக்கா இயந்திரக் கையின் பிடியை மாற்றி வரைந்தார். உள்ளே இருப்பது துடித்தால் மேலும் இறுக்கக் கூடாது, விட்டுவிடாமல் கொஞ்சம் தளர்த்த வேண்டும் என்று ஒரு விதி வைத்தார். அதிலிருந்து நண்டுகள் சேதமாவது பெரிதும் குறைந்தது. செல்வி நொண்டிக்கொண்டே வந்து அதைப் பார்த்துவிட்டு, "என் வெரலுக்குப் பொறந்த கொழந்த இது" என்று சிரித்தாள். இப்படித்தான் ஆகும். அக்கா செய்கிற கொடுமைக்கு ஒரு பயன் கிடைத்துவிடும். நமக்குக் கோபப்பட இடம் இருக்காது.

அக்காவின் நைனா ஏரியில் வலை போடுகிற மனிதர். மகளுக்கு மத்தியானச் சோற்றைத் தூக்கில் கொண்டுவருவார். ஒருநாள் தொட்டி ஒழுகி வாசலில் பாசியும் தண்ணீருமாகக் கிடந்தது. பெரியவர் செருப்போடு வருகிறார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். திறந்த வாய் அப்படியே நின்றது. பெரியவர் மல்லாந்து விழுந்தார். தூக்கு உருண்டு, சோறு சிதறி, கருவாட்டுக் குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. அக்கா ஓடினார்தான். ஓடிப்போய் முதலில் பார்த்தது தரையில் இழுபட்டிருந்த செருப்புத் தடத்தை.

"நைனா, எந்தக் கால் மொதல்ல வழுக்குச்சு?"

"கையக் குடுடி மொதல்ல. கால் கதைய அப்பால கேளு!"

மறுநாள் காலை கொட்டகை முழுக்க ரப்பர் விரிப்பு. வாசலில் தண்ணீர் ஓட ஒரு சின்னக் கால்வாய். அதன் பிறகு அங்கே யாரும் வழுக்கவில்லை. பாப்பு அந்த விரிப்பில்தான் தைரியமாக ஓடப் பழகினாள். பெரியவர் ரொம்ப நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒருநாள் அவரிடம் கேட்டேவிட்டேன்.

"உங்களுக்குக் கோபம் வரலையா, நைனா?"

"சின்னதிலயே அது அப்படித்தாம்மா. தம்பிக்காரன் போட்லேர்ந்து ஏரில வுழுந்தப்ப ஒரு சத்தம் போடல இது. எந்தப் பக்கம் மேல வர்றான்னு குந்திப் பாத்துன்னு இருந்துச்சு."

"ஐயோ. தம்பி வந்தாரா?"

"வந்தான், வந்தான். இப்ப துபாய்ல கீறான்."

அவர் சிரித்தார். மகளைப் பற்றி அவருக்குப் பெருமைதான் என்று பட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாப்பு எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். அந்த நாட்களில் ஒரு வேலைக்கு நடுவில் எத்தனை தடவை அப்படித் திரும்பியிருப்பேன்!

நண்டுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தக் கூடாத மூட்டில் அழுத்தினால் அதுவே கொடுக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்க்கும். கொடுக்கு இல்லாத நண்டை யாரும் ஏற்றுமதிக்கு எடுப்பதில்லை. ஒரு காலை என் வீட்டுக்காரர் தான் பிடித்த நண்டு மூட்டையைச் சோதனைக்கென்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். இயந்திரம் ஓடியது. முதல் நண்டு கொடுக்கைக் கழற்றியது. இரண்டாவதும் கழற்றியது. நிறுத்திவிடுவார் என்று பார்த்தோம். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மூட்டை காலியாகும் வரை இயந்திரம் ஓடியது. மேசை முழுக்கத் தனியாகக் கிடந்த கொடுக்குகள் இன்னும் எதையோ கவ்வுவதுபோலத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூட்டைக்குரிய விலையை அக்கா கொடுத்துவிட்டார். அதில் குறை சொல்ல முடியாது.

"ரெண்டோட நிறுத்தியிருக்கலாமே" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டு கழண்டா அது அந்த நண்டோட கொணமா இருக்கும். மூட்டை முழுக்கக் கழண்டாத்தான் அது என் மெசினோட தப்பு. தெரிஞ்சுக்க வேணாமா?" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் வீட்டுக்காரரு இன்னா இவ்ளோ வருத்தப்படறாரு? நான் எதையும் ஒடிக்கல. அதுங்களா கழட்டிப் போட்டுட்டுப் போவுதுங்க. இங்க வேலைக்கு வந்து நின்ன பசங்களும் அப்படித்தான். நான் ஒருத்தரையும் போன்னு சொன்னதில்ல."

அது நிஜம். எனக்கு முன்னால் என் இடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தாங்களாகவே போனவர்கள். அக்கா ஒவ்வொருவரையும் எவ்வளவு தாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சோற்று வேளையில் வேலை கொடுப்பது, செய்ததை எல்லோர் முன்னாலும் பிரித்துப் போடுவது, திரும்பச் செய்யச் சொல்வது.  அன்று வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர், "வேலைய வுட்டுடு" என்றார். ஏரியில் நீர் வற்றி மீன் அரிதாகிக்கொண்டிருந்த நேரம். "விட்டுட்டு?" என்று கேட்டேன். 

அக்காவைக் கொடூரமானவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அவர் தன்னையும் விட்டுவைத்ததில்லை. இடது கை நடுவிரல் நுனி அவருக்குக் கோணலாக இருக்கும். முதன்முதலில் செய்த இரும்புப் பிடிக்குள் தன் விரலைத்தான் வைத்தாராம். ஏன் உடனே எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "எடுத்திருந்தா எந்த இடத்துல ஒடியும்னு எப்படித் தெரியும்?" என்றார். மருத்துவமனைக்குப் பஸ்ஸில் போனாராம். சொல்லும்போது குரலில் வீம்பு எதுவும் இல்லை. பஸ் ஏன் தாமதமாயிற்று என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அந்த விரலிலிருந்துதான் மனிதக் கையை இயந்திரம் எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்ற யோசனை பிறந்தது. ஈரச் சாக்கில் இருந்து வருகிற நண்டு சில்லென்று இருக்கும். மனிதக் கையில் சூடு இருக்கும். பிடியின் ரப்பருக்குள் சூட்டை உணர்கிற சின்னச் சென்சார் ஒன்றைப் பதித்தோம். சூடு பட்டதும் பிடி திறந்துவிடும். அந்தச் சென்சாரைப் பதித்தவள் நான். நாங்கள் மாறி மாறிக் கையை வைத்துப் பார்த்தோம். தொட்டது, விட்டது. எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. என் படிப்பு ஒரு நல்ல காரியத்துக்கு ஆகியிருக்கிறது என்று நினைத்தேன். இனி எந்தக் கம்பெனியிலும் எந்தப் பெண்ணின் விரலும் இதில் மாட்டாது என்று நினைத்தேன்.

மழை விட்டு வாடைக் காற்று வீசத் தொடங்கியது. ஒரு காலை தொட்டிகளைக் கழுவிவிட்டு வந்த செல்வி விளையாட்டுக்குக் கையை வைத்தாள். பிடி உடனே விடவில்லை. கயிறு ஒரு சுற்றுச் சுற்றிய பிறகே விட்டது.

"யக்கா, உன் மெசினு என்ன நண்டுன்னு நெனச்சுக்கினு கீது!"

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. கடைக்கு ஆள் அனுப்பி ஐஸ் வாங்கிவரச் செய்தார். ஒரு வாளி ஐஸ் தண்ணீரில் எங்கள் கைகளை விறைக்கும் வரை வைத்து, பிறகு பிடிக்குள் வைக்கச் சொன்னார். தன் கையையும் வைத்தார். ஒவ்வொரு முறையும் கயிறு ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு உள்ளிருந்து சூடு ஏறி, பிடி திறந்தது.

"பெரிய கைன்னா உள்ள இருக்கிற சூடு வெளிய வந்துடுது. சின்ன கைன்னா வருமா?" என்றார் அக்கா. யாரிடமும் கேட்காத மாதிரிதான் கேட்டார். பிரிண்டரில் வீணாய்ப்போன பிளாஸ்டிக் துண்டுகளைச் சாக்கின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தாள் பாப்பு. அக்காவின் கண் அங்கே போனது.

"பாப்புவ ஒரே ஒரு வாட்டி வெச்சுப் பாக்கலாமா?"

"எதுக்குக்கா?"

"ஐஸ் தண்ணில கொஞ்ச நேரம் கைய வெச்சுட்டு, அப்பறம் இதுல. அவ்ளோதான். நான் ஸ்டாப் பட்டன் மேலயே கைய வெச்சுன்னு நிக்கறேன்."

"வேணாங்க்கா."

"இன்னா ஆயிடும்னு பயப்படற? நண்டுக் காலே இப்ப ஒடியறதில்ல."

"தெரியும்க்கா. வேணாம்."

பாப்புவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.  அக்கா திட்டுவார், வேலையை விட்டுப் போ என்பார் என்று நினைத்தேன்.

"சரி. வேணாம்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் என்னைப் படுத்தியது. நண்டு ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருகிறார்கள். ஐஸ் பெட்டி இல்லாத கம்பெனி கிடையாது. நாளைக்கு ஒரு குழந்தை ஐஸை அளைந்துவிட்டு இதில் கையை விட்டால்? அதைத் தெரிந்துகொள்ளாமல் விற்பது சரியா? என் பிள்ளையை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகள் யாராவது மாட்டிக்கொள்ளட்டும் என்கிறேனா? இப்படியெல்லாம் யோசித்தேன். யோசித்துவிட்டு, மறுநாள் முதல் என் துப்பட்டாவால் பாப்புவின் இடுப்பை மேசைக் காலோடு கட்டினேன். செல்வி அதைப் பார்த்துவிட்டு, "இன்னாமே, நண்டு கட்ட மெசினு, புள்ள கட்ட நீயா?" என்றாள்.

இயந்திரத்தை வாங்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வருகிற நாள் வந்தது. அக்கா இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். கொட்டகையைக் கழுவி ஊதுவத்தி கொளுத்தினோம். வருகிறவர்களுக்காகத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பி, அதில் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களை வைத்திருந்தோம். அக்கா என் மேசைப் பக்கம் வந்தார்.

"வர்றவங்க முன்னாடி புள்ளையக் கட்டிப் போட்டிருந்தா நல்லாவா இருக்கும்? அவுத்து வுடு."

அவிழ்த்துவிட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும்? யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். குழந்தையைக் கட்டிவைப்பது பார்க்க அசிங்கம்தானே.

எல்லாம் நன்றாகவே நடந்தது. நண்டுகள் ஒவ்வொன்றாகக் கட்டுப்பட்டு மறுபக்கம் வந்தன. ஒரு கொடுக்கும் கழலவில்லை. வந்தவர்கள் தங்களுக்குள் தலையசைத்துக்கொண்டார்கள். பிறகு செல்வி பிடிக்குள் தன் கையை வைத்தாள். தொட்டது, விட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். செல்வி கல்யாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். தெர்மாகோல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த பாப்புவும் குதித்துக் குதித்துக் கைதட்டினாள். தட்டும்போது அவள் கையிலிருந்து தண்ணீர் தெறித்தது.

என்னை டீயும் வடையும் எடுத்து வரச் சொன்னார் அக்கா. பின்பக்கம் போய்த் தட்டோடு திரும்பினேன். வந்தவர்கள் ஜன்னல் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வலது உள்ளங்கை சிவப்பு ஸ்டாப் பட்டன் மேல் இருந்தது. பாப்பு மேசையை எட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை மேலே தூக்கியிருந்தாள். விரல்கள் ஐஸில் ஊறிச் சிவந்திருந்தன. செல்வியைப்போலவே கையை விரித்துக்கொண்டு, எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.

அக்காவும் பார்த்தார். பாப்புவின் கையைப் பார்த்தார். அது எதில் ஊறியிருந்தது என்று தெர்மாகோல் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைப் பட்டன் மேலிருந்து எடுத்தார். எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. கை வலித்திருக்கும், அதனால் எடுத்திருப்பார் என்று என் வீட்டுக்காரர்கூடப் பிறகு சொன்னார். இருக்கலாம்.

பிடி மூடியது. பாப்பு முதலில் சிரித்தாள். கயிறு ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது சுற்றும் சுற்றியது. சிரிப்பு நின்று, கையை இழுக்கப் பார்த்து, முடியாமல் "ம்மா" என்றாள். தட்டை எங்கே போட்டேன் என்று தெரியாது. டீ என் காலில் கொட்டியது வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிந்தது. மூன்றாவது சுற்றில் பாப்புவின் குரல் கொட்டகைத் தகரத்தில் மோதித் திரும்பியது. நான் பட்டனை ஓங்கி அடித்தேன். இயந்திரம் பிடித்த பிடியிலேயே நின்றது. செல்வி பிளேடோடு ஓடிவந்து கயிற்றை அறுத்தாள். நான் பிடியை இரண்டு கைகளாலும் பிளந்து பாப்புவின் கையை வெளியே எடுத்தேன்.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல்கள் மடங்கின, விரிந்தன. மணிக்கட்டுக்குக் கீழே சிவப்பாகக் கோடுகள் மட்டும் பதிந்திருந்தன. வந்தவர்களில் ஒருவர், "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் குனிந்து அந்தக் கையைப் போட்டோ எடுத்தார். இன்னொருவர், "ஸ்கின் கட்டாகலையே சார், பரவால்ல" என்றார்.

அக்கா எனக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பாப்புவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். மென்மையாகத்தான் பிடித்தார். ஓர் அம்மா பிடிக்கிற மாதிரியே இருந்தது. கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார்.

"இன்னும் சில்லுன்னுதான் கீது" என்றார். "இன்னொரு சுத்து பொறுத்திருந்தா அதுவே விட்டிருக்கும்."

நான் அவரைப் பார்த்தேன்.

"விட்டிருக்குமா, விட்டிருக்காதா? இப்ப எப்படித் தெரியும்? கெடுத்துட்டியேம்மா."

அந்தக் கொட்டகையில் இருந்த காலமெல்லாம், நைனா விழுந்த அன்றுகூட, அவர் முகத்தில் வருத்தம் என்று எதையும் நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.